எத்தனையாம் பிள்ளை கொழும்பு?

உலகின் சிறந்த நகரங்களுக்கு இடம் போடும் பட்டியல்கள் வருடம் தவறாமல் வருகின்றன. அவை யாருக்காகப் போடப்படுகின்றன? எதை எண்ணுகின்றன, யாரை எண்ணாமல் விடுகின்றன? மாத்தளைக்கு அருகே பலாபத்வலவில் கொழும்பு பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு அவற்றால் ஏதும் பயனுண்டா?

2015ஆம் ஆண்டில் கொழும்பு உலகத்திலேயே முதலாவதாக வந்தது. மாஸ்டர்கார்ட் நிறுவனம் அந்த வருடம் 132 நகரங்களை ஒப்பிட்டு வெளியிட்ட சுட்டெண்ணில், வெளிநாட்டுப் பயணிகளின் வருகை மிக வேகமாகக் கூடிய நகரம் கொழும்புதான். 2009 முதல் 2015 வரை வருடத்துக்குச் சராசரி 21.1 சதவீத வளர்ச்சி. சீனாவின் செங்டுவும் அபுதாபியும் அதற்குப் பின்னால் நின்றன. கணக்கில் பிழையில்லை. 2009இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் சுமார் 4 லட்சத்து 48 ஆயிரம் பேர். 2015இல் கிட்டத்தட்ட 18 லட்சம் பேர். ஆனால் அந்த 2009 மே மாதத்தில்தான் யுத்தம் முடிந்தது. ஆளில்லாத ஹோட்டல்களிலிருந்து எண்ணத் தொடங்கினால் எந்த ஏற்றமும் பெரிதாகவே தெரியும். கொழும்பின் வடிகான் பற்றியோ வாடகை பற்றியோ அந்த முதலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விமானத்தில் வந்து இறங்கியவர்களை மட்டுமே அது எண்ணியது. அதே 2015க்கு, பார்க்க வேண்டிய பத்து நகரங்கள் என்று லோன்லி பிளானட் போட்ட பட்டியலில் சென்னைக்கு ஒன்பதாம் இடம். அந்த வருடம் முடிய ஒரு மாதம் இருக்கையில், டிசம்பர் முதலாம் திகதி கொட்டிய மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாற்றங்கரையை மூழ்கடித்தன. பட்டியல் போட்டவர்களை இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது. சுற்றிப் பார்க்க நல்ல ஊரா என்று கேட்டார்கள், ஆம் என்று எழுதினார்கள். அதை வாழ்வதற்கு நல்ல ஊர் என்று வாசித்துக்கொண்டது நாம்.

பிள்ளை தேர்ச்சி அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நாம் முதலில் கேட்பது ‘எத்தனையாம் பிள்ளை?’ என்றுதான். கணிதத்துக்கு என்ன புள்ளி, ஆங்கிலத்துக்கு என்ன புள்ளி என்பதெல்லாம் பிறகு. வினாத்தாளைத் தயாரித்தவர் யார், வகுப்பில் யார் யாரைச் சேர்த்து எண்ணினார்கள் என்று பெரும்பாலும் கேட்பதே இல்லை. நகரப் பட்டியல்களையும் அப்படியேதான் வாசிக்கிறோம். அவற்றை முழுப் பொய் என்று ஒதுக்குவதும் தவறு, முழு உண்மை என்று கொண்டாடுவதும் தவறு. இடம் சொல்வது மிகக் கொஞ்சம். புள்ளித்தாள் சொல்வது நிறைய. அரசியல்வாதிகளும் விளம்பரக்காரர்களும் நமக்கு முன்னால் நீட்டுவது இடத்தை மட்டும்தான். அது ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

வினாத்தாள் யாருடையது?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, எக்கனமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு வெளியிடும் வாழ்தகைமைச் சுட்டெண். 173 நகரங்கள், 30 அளவுகோல்கள், ஐந்து பிரிவுகள். ஸ்திரத்தன்மைக்கு 25 சதவீத நிறை, பண்பாட்டுக்கும் சூழலுக்கும் 25, சுகாதாரத்துக்கு 20, உட்கட்டமைப்புக்கு 20, கல்விக்கு 10. 2011 முதல் 2017 வரை மெல்பேர்ன் ஏழு வருடம் முதலிடத்தை விடவில்லை, அதன்பின் பெரும்பாலும் வியன்னா, 2025இல் கோபன்ஹேகன். இந்தச் சுட்டெண்ணின் பயன் என்ன என்பதை அதை வெளியிடுபவர்கள் ஒளிக்கவில்லை. ஒரு பன்னாட்டு நிறுவனம் தன் அதிகாரியை வெளிநாட்டு நகரமொன்றுக்கு அனுப்பும்போது, அங்கே அவர் படப்போகும் சிரமத்துக்காகச் சம்பளத்தில் எவ்வளவு கூட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்ய அது உதவுகிறது. 80 புள்ளிக்கு மேற்பட்ட நகரமென்றால் மேலதிகப்படி இல்லை. 70க்கும் 80க்கும் இடையில் 5 சதவீதம். 50க்குக் கீழே போனால் 20 சதவீதம். சுருக்கமாகச் சொன்னால், இது சம்பளப் பிரிவுக்காகப் போட்ட அட்டவணை.

அந்த 30 அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் வினாத்தாளின் சொந்தக்காரர் யாரென்று விளங்கும். பண்பாடு, சூழல் என்ற பிரிவில் வெப்பமும் ஈரப்பதனும் ஒரு அளவுகோல். பயணிகளுக்குக் காலநிலை எவ்வளவு அசௌகரியம் என்பது இன்னொன்று. வெக்கைக்காகக் கொழும்பும் சென்னையும் இரண்டு தடவை புள்ளி இழக்க வேண்டிய ஏற்பாடு. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு வெயில் பழகிப்போனது. குழாயில் தண்ணீர் வருமா என்பதுதான் அவருடைய கவலை. கல்விக்கான மூன்று அளவுகோல்களில் இரண்டு தனியார் பாடசாலைகளைப் பற்றியவை. மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்து நகரத்துக்குக் குடிபெயர நினைக்கும் குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்புத்தான் முதற்காரணமாக இருக்கும். அரசாங்கப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தமிழ்மொழியில் இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இங்கே பதிலில்லை. வாழ்க்கைச் செலவு இந்தச் சுட்டெண்ணில் சேரவே இல்லை. வாடகையை நிறுவனமே கட்டும் அதிகாரிக்கு அது தேவைப்படாது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு எழுத ஒருவர் இருக்கிறாரா என்பது, தலைநகரில் வாழப்போகும் தமிழருக்கு இன்றும் வாழ்தகைமைப் பிரச்சினைதான். 30 அளவுகோல்களில் அதற்கு ஒரு வரி இல்லை.

நிறையை மாற்றினால் இடம் மாறும்

வினாத்தாளை நம்மவர்களே தயாரித்தால் சிக்கல் தீர்ந்துவிடுமா? இந்தியா அதைச் செய்து பார்த்தது. மத்திய அரசின் நகர்ப்புற விவகார அமைச்சு 2018 ஓகஸ்டில் 111 நகரங்களுக்கு இடம் போட்டது. புனே முதலாவது, சென்னை பதினான்காவது, பெங்களூரு ஐம்பத்தெட்டாவது, டெல்லி அறுபத்தைந்தாவது. அடுத்த பட்டியல் 2021 மார்ச்சில் வந்தது. இம்முறை பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைத் தனியாகப் பிரித்தார்கள். அதில் பெங்களூரு முதலாவது, சென்னை நான்காவது, கோயம்புத்தூர் ஏழாவது. மூன்று வருடத்துக்குள் ஒரு மாநகரத்தின் சாக்கடையும் சாலை நெரிசலும் இந்த வேகத்தில் திருந்தாது. திருந்தியது வினாத்தாள். அளவுகோல்கள் 78இலிருந்து 49 ஆகின. குடிமக்களின் கருத்துக் கணிப்புக்குப் புதிதாக 30 சதவீத நிறை கிடைத்தது. எந்த நகரம் எந்த நகரத்தோடு போட்டி போடுகிறது என்பதும் மாறியது. மறுவருடம், 2022இல், எக்கனமிஸ்ட் குழுமத்தின் பட்டியல் சென்னையையும் பெங்களூருவையும் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது. சென்னைக்கு 142ஆம் இடம். மத்திய அரசின் பட்டியலில் முதலாவதாக வந்த பெங்களூருவுக்கு 146. அந்த வருடம் செப்டெம்பர் மழையில் பெங்களூருவின் வெளிவட்டச் சாலை வெள்ளத்தில் மூழ்க, மென்பொருள் நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். முதலாம் இடமும் 146ஆம் இடமும் ஒரே நகரத்துக்கு, கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கிடைத்தவை. இரண்டில் ஒன்று பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் இரண்டு வினாத்தாள் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பட்டியலின் உச்சியிலும் கதை வேறில்லை. 2025இல் கோபன்ஹேகனுக்கு 98.0 புள்ளி, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட வியன்னாவுக்கும் சூரிச்சுக்கும் 97.1. வியன்னா சறுக்கியதற்குக் காரணம் தாக்குதல் மிரட்டல்கள்; அவற்றிலொன்றால் 2024 ஓகஸ்டில் நடக்கவிருந்த ஒரு பெரிய இசை நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. வியன்னாவின் டிராம், ஆஸ்பத்திரி, குழாய்த்தண்ணீர் எதுவும் மாறவில்லை. நூற்றுக்கு ஒரு புள்ளிகூட இல்லாத வித்தியாசம் ‘முடி பறிபோனது’ என்று உலகெங்கும் தலைப்புச் செய்தியானது.

நகரம் எங்கே முடிகிறது?

இடம் போடுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நகரம் என்றால் எது? மாத்தளையிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போனால், அலுவிகாரை கடந்து சிறிது தூரத்தில் பலாபத்வல வருகிறது. யாழ்ப்பாணம் போகும் பிரதான வீதியின் இருபுறமும் கடைகள் கூடிய இடம். ஆனால் மாத்தளை மாநகர சபையின் எல்லை அதற்குத் தெற்கேயே நின்றுவிடுகிறது. இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பதுதான் நகரம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் பழைய பட்டின சபைகளைப் பிரதேச சபைகளுக்குள் கரைத்தது. அன்றிலிருந்து பிரதேச சபை நிர்வாகத்தில் உள்ள பட்டினமெல்லாம் காகிதத்தில் கிராமம். 1981இல் 21.5 சதவீதமாக இருந்த நகரச் சனத்தொகை 2012இல் 18.2 சதவீதமாகக் குறைந்த விந்தைக்கு இதுவே முக்கிய காரணம். கொழும்பை ஒட்டிக் கிடக்கும் களனி, ஹோமாகம பிரதேச சபைப் பகுதிகள்கூட இந்தக் கணக்கில் கிராமங்கள்தான். 20 ஏக்கருக்குக் குறையாத நிலத்தில் பத்துத் தொழிலாளராவது குடியிருந்தால் அது ‘தோட்டம்’ என்ற மூன்றாவது கூடைக்குள் போய்விடும். தெற்காசிய நகரமயமாக்கத்தில் கணக்குக்கு வராமல் மறைந்திருக்கும் பகுதி பெரிது என்று உலக வங்கி 2015இல் எழுதியபோது, இலங்கை அதற்கு நல்ல உதாரணமாக இருந்தது.

எல்லைக் கோடு இப்படி இருக்கும்போது பெருநகரங்களை எப்படி ஒப்பிடுவது? கொழும்பு மாநகர சபையின் பரப்பு 37 சதுர கிலோமீற்றர். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீற்றரிலிருந்து 426க்கு விரிந்தது. வியன்னா சுமார் 415. 2010இன் சென்னையும் 2012இன் சென்னையும் ஒரே பெயருள்ள இரண்டு நகரங்கள் என்றே சொல்ல வேண்டும். இது வெறும் வரைபடத் தகராறில்லை. எல்லைக் கோட்டைக் குறுக்கி வைத்திருக்கும் நகரம் தன் சுமையைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு அழகாக இருக்கலாம்.

கொழும்பு செய்ததும் அதுதான். புளூமெண்டால் குப்பைமேடு 2009இல் மூடப்பட்டதும் மாநகரக் குப்பை மீதொட்டமுல்லவுக்குப் போனது. மீதொட்டமுல்ல கொழும்பு மாநகர எல்லைக்குள் இல்லை. பக்கத்துக் கொலன்னாவையில் இருக்கிறது. அங்கே வீடுகளின் கூரைக்கு மேல் மலையாக எழும்பிய குப்பை, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று பிற்பகல், குடியிருப்புகளின் மேல் சரிந்தது. 32 பேர் உயிரிழந்தார்கள். தலைநகரின் பூங்காக்களும் நடைபாதைகளும் பளிச்சென்று துலங்கிக்கொண்டிருந்த வருடங்களில்தான் அந்த மேடு வளர்ந்தது. அதன்பின் குப்பைக்குப் புது இடம் தேடியபோது, சுமார் 170 கிலோமீற்றர் தள்ளி, புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டைக் கண்டுபிடித்தார்கள். கொழும்பின் குப்பை எங்களுக்கு எதற்கு என்று புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். ஒரு நகரத்தின் தூய்மைக்குப் புள்ளி போடுபவர் அந்த நகரத்தின் குப்பை எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காவிட்டால், அவர் அளப்பது தூய்மையை அல்ல, லொறிகளின் எண்ணிக்கையை.

சராசரிக்குள் மறைபவர்கள்

எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் ஒருபுறம் இருக்க, உள்ளே இருப்பவர்களும் சராசரிக்குள் காணாமல் போகிறார்கள். யுத்தம் முடிந்த மறுவருடம் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. கொழும்பில் 68,812 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழ்கின்றன என்று அது கணக்குக் காட்டி, அந்த நிலங்களை விடுவித்துக் குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றத் தொடங்கியது. அந்தக் கணக்கே கேள்விக்குரியது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, அழகுபடுத்தலுக்கு ஏழைகள் கொடுத்த விலையை விரிவாகப் பதிவு செய்தது. தலைமுறையாக ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கும், நல்ல கல்வீடு வைத்திருந்தவர்களுக்கும் கிடைத்தது சுமார் 400 சதுர அடி. அதுவும் இனாமில்லை, முன்பணம் கட்டி, பிறகு வருடக்கணக்கில் மாதாந்தத் தவணை கட்ட வேண்டும். வீட்டு வாசலிலேயே அப்பம் சுட்டும் இடியப்பம் அவித்தும் விற்றுச் சீவித்த பெண்ணுக்கு ஒன்பதாம் மாடியில் வாசலும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. பட்டியல் போட வருபவருக்கு அவள் விட்டுப்போன நிலத்தில் ஒரு கோபுரம் தெரியும். உட்கட்டமைப்புக்கு நகரம் கூடுதல் புள்ளி வாங்கும். அவளுடைய வருமானம் எத்தனை புள்ளி குறைந்தது என்பதற்குப் பட்டியலில் நிரல் இல்லை.

சொல்லத்தக்க எதிர்வாதங்கள்

இத்தனை குறை இருந்தாலும் பட்டியல் தேவை என்பவர்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. அளக்காவிட்டால் யாரும் பொறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்பது அது. இந்தூரைக் காட்டுவார்கள். இந்தியாவின் தூய்மைக் கணக்கெடுப்பில் 2017இலிருந்து தொடர்ச்சியாக முதலிடம் பிடித்த நகரம் அது. முதலிடத்தைத் தக்கவைக்கும் வெறியில் வீடுவீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கியது, பழைய குப்பைமேட்டை அகற்றியது. 2022இல் நாளொன்றுக்கு 550 தொன் ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையும் அங்கே திறக்கப்பட்டது. போட்டி இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது என்றால் அதை மறுக்க முடியாது. 2025இல் வெளிவந்த கணக்கெடுப்பில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரைக்குக் கடைசி இடமும் சென்னைக்கு 38ஆம் இடமும் கிடைத்தபோது, தமிழ்நாட்டில் எழுந்த சூடான விவாதமும் நல்லதே. ஆனால் இந்தூரைத் திருத்தியது எது என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு அளப்பது ஒரே விஷயத்தை; அதன் அளவுகோல் மாநகராட்சியின் கைக்கு எட்டக்கூடியது; எதில் புள்ளி போனதென்று ஊழியருக்குத் தெரியும். அதாவது அங்கே வேலை செய்தது புள்ளித்தாள். ‘மிகச் சிறந்த நகரம்’ என்ற மொத்தப் பட்டத்தால் எந்த ஊழியரும் காலையில் எந்தத் தெருவுக்குப் போவதென்று தெரிந்துகொள்ள முடியாது.

இந்தப் போட்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு அளவுகோலே குறிக்கோளாகிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இராது என்பதைப் பிரித்தானியப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் சொல்வார்கள். நாடுகளுக்குத் தொழில் தொடங்கும் வசதியை வைத்து இடம் போட்டுவந்த உலக வங்கியே, 2018, 2020 அறிக்கைகளின் தரவுகளில் முறைகேடு வெளிப்பட்டதும், 2021 செப்டெம்பரில் அந்தப் பட்டியலைக் கைவிட்டது. உலக வங்கிக்கே அந்தக் கதி என்றால், விளம்பரத்துக்காகப் போடும் பட்டியல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வியன்னா எந்தப் பட்டியலிலும் மேலே வருகிறதே, டமாஸ்கஸ் அடியில் கிடக்கிறதே, அப்படியானால் பட்டியல்கள் ஏதோ உண்மையைத் தொடுகின்றன அல்லவா என்பது அடுத்த கேள்வி. தொடுகின்றன. யுத்தத்தில் சிதைந்த நகரத்தையும் நூறு வருடமாகப் பராமரிக்கப்பட்ட நகரத்தையும் அவை சரியாகவே பிரிக்கின்றன. அதற்குப் பட்டியல் தேவையுமில்லை. நம் நகரங்கள் இருக்கும் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும்தான் நிறை கொஞ்சம் மாறினாலும் இடம் தாவுகிறது. வியன்னாவிடமிருந்து கற்க வேண்டியதோ அந்தப் பட்டியலில் இல்லாதது. 1920களிலிருந்து அந்த மாநகர சபை தானே வீடு கட்டி வாடகைக்கு விடுகிறது; இன்று சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகள் அதற்குச் சொந்தம். கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களில் பாதிப்பேராவது கட்டுப்படியான வாடகையில் இருக்கிறார்கள். டிராம் சாரதியும் நகரத்துக்குள்ளேயே குடியிருக்க முடிவதுதான் அதன் பெரிய சாதனை. வாழ்க்கைச் செலவை எண்ணாத பட்டியல் அந்த நகரத்துக்கு முடிசூட்டுகிறது. நாமோ முடியைப் பார்த்துக் கோபுரம் கட்டுகிறோம், வாடகை வீட்டைப் பார்ப்பதில்லை.

சனங்கள் கால்களால் வாக்களிக்கிறார்கள், இத்தனை பேர் கொழும்புக்குப் போவதே அது சிறந்தது என்பதற்குச் சாட்சி என்று சொல்பவர்களும் உண்டு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மேல் மாகாணத்திலிருந்து வருகிறது. வேலை அங்கே இருக்கிறது, ஆகவே ஆட்களும் அங்கே போகிறார்கள். மாத்தளையிலிருந்தோ பலாபத்வலவிலிருந்தோ புறக்கோட்டைக் கடைக்கும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்கும் போகும் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு அறையில் தங்கி, மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அது நகரத்தின் சிறப்பைக் காட்டவில்லை. ஊரில் இல்லாததைக் காட்டுகிறது.

கேட்க வேண்டிய கணக்கு

ஆகவே பட்டியல்களை எரிக்க வேண்டாம். பிரித்துப் போட்டு வாசிக்க வேண்டும். தன் நகரம் முன்னேறிய இடத்தை ஒரு மேயரோ அமைச்சரோ மேடையில் அறிவித்தால், எந்தப் பிரிவில் எத்தனை புள்ளி, போன வருடம் எத்தனை, வட்டாரம் வட்டாரமாக எத்தனை என்று கேட்கலாம். குப்பை எங்கே போகிறது, குறைந்த சம்பளக்காரர் வேலையிடத்துக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்குள் குடியிருக்க முடிகிறதா, வாடகை போக அவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த நகரத்தை இன்னொரு நகரத்தோடு ஒப்பிடவே தேவையில்லை. அதன் நேற்றோடு ஒப்பிட்டால் போதும். இதற்கான தரவெல்லாம் மாநகர சபையிலும் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்திலும் திரட்டக்கூடியதே.

அந்தக் கணக்கை மாநகர எல்லையோடு நிறுத்தவும் கூடாது. பிரதேச சபைப் பட்டினங்களைக் கிராமம் என்று எழுதிவைக்கும் வரைவிலக்கணம் மாறினால்தான் வடிகானுக்கும் வீதி விளக்குக்கும் குப்பைக்குமான ஒதுக்கீடு அவற்றின் உண்மையான அளவுக்கு வரும். புற்றுநோய்ச் சிகிச்சை என்றதும் மஹரகமவைத்தான் முதலில் நினைக்க வேண்டியிருக்கும் வரை, நல்ல வேலை என்றதும் கொழும்பைத்தான் நினைக்க வேண்டியிருக்கும் வரை, தலைநகர் எந்தப் பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் நாட்டின் நகர அமைப்பு தோற்றதாகவே அர்த்தம். கொழும்பு எவ்வளவு நல்ல நகரம் என்பதை அளக்க ஒரு அளவுகோலைச் சேர்க்கச் சொன்னால் இதைச் சேர்க்கலாம்: பலாபத்வலவில் இருக்கும் ஒருவர் அங்கே போகாமலே தன் காரியங்களில் எத்தனையை முடித்துக்கொள்ள முடிகிறது? அந்த எண் வருடத்துக்கு வருடம் ஏறினால், முதலிடம் எந்த நாட்டுக்குப் போனாலும் கவலையில்லை.